பின்னணியில் நின்ற காடு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளைப் பேச்சில் முதல் பத்து நிமிடம் அதை நிறுவியவரின் புகழுக்குரியது. இம்முறை அவர் குடும்பத்தாரே அது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். "அப்பாவுக்குக் காடுன்னா உசுரு. நீங்க காட்டப் பத்தியே பேசுங்க" என்றார் அவருடைய மகள். மிச்சமான பத்து நிமிடத்தில் ஒரு குடும்பப் புகைப்படத்தைப் பார்ப்போம்.

(திரையில் படம் காட்டப்பட்டது.)

புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் 2009-இல் நடந்த காதுகுத்து. குழந்தை தாய்மாமன் மடியில் வீறிட்டு அழுகிறது. ஆசாரி கையில் ஊசி. சுற்றி நிற்கும் இருபது பேரும் குழந்தையைப் பார்க்கிறார்கள். படம் எடுத்தவரும் அதைத்தான் பார்த்திருப்பார். இத்தனை ஆண்டுகளில் இந்தப் படத்தைக் கையில் வாங்கிக் குழந்தையைப் பார்க்காமல் விட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். என் கண் போனது தாய்மாமனின் இடது தோளுக்குப் பின்னால். மசமசவென்று ஒரு பச்சை தெரிகிறதல்லவா, அதுதான் அவ்வூர் அய்யனார் கோயில்காடு. வீரையும் காசானும் பாலையும் நெருங்கி நின்ற உலர் பசுமைமாறாக் காடு. கஜா புயலுக்கு முன் அந்தக் காட்டை அந்தப் பக்கமிருந்து காட்டும் ஆவணமாக எனக்கு முதலில் கிடைத்தது இது ஒன்றுதான்.

2018 நவம்பர் 16-ஆம் தேதி நள்ளிரவு கடந்து கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியதும், முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையும் தஞ்சை, திருவாரூர்த் தென்னந்தோப்புகளையும் புரட்டிப்போட்டுவிட்டுப் புதுக்கோட்டை வழியாக உள்ளே போனதும் உங்களுக்குத் தெரியும். உங்களில் பலர் அன்றிரவு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள். விழுந்த தென்னைக்குக் கணக்கு எடுத்தார்கள், ஏனென்றால் தென்னைக்கு உரிமையாளர் உண்டு, இழப்பீடும் உண்டு. கோயில்காட்டுக்கு அய்யனார் மட்டுமே உரிமையாளர். அவர் மனுக் கொடுப்பதில்லை. சில வாரம் கழித்து நானும் இரண்டு மாணவர்களும் அங்கே போனோம். முறிந்த கிளைகளுக்கு நடுவே நின்றபோது அடிப்படையான ஒரு கேள்விக்கே எங்களிடம் பதில் இல்லை: இங்கே முன்பு எவ்வளவு வெளிச்சம் விழுந்தது?

காடு மீள்கிறதா என்று கேட்டால், எந்த நிலைக்கு மீள்கிறது என்று கேட்டாக வேண்டும். புயலுக்கு முந்தைய அந்த நிலையை, அந்த முன்னிலையை, யாரும் படம் பிடித்து வைப்பதில்லை. புயலடித்த மறுநாள் ஆயிரம் கேமரா வரும். சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமையன்று சும்மா நின்றுகொண்டிருக்கும் காட்டை யார் படம் எடுப்பார்?

அதைப் பிடித்துவைக்கும் ஒரு வழியான 360 டிகிரிப் படங்களைப் பற்றியது இன்றைய பேச்சு. ஒரே சொடுக்கில் மேல், கீழ், நாற்புறம் எல்லாவற்றையும் பதிந்துகொள்ளும் கேமரா. முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு மீன்கண் வில்லைகள். ஒவ்வொன்றும் அரைக்கோளத்துக்குச் சற்று அதிகமாகவே பார்க்கும். இரண்டையும் மென்பொருள் தைத்து ஒரே கோளமாக்கும். ரிக்கோ நிறுவனத்தின் தீட்டா 2013-இல் வந்த பிறகு சட்டைப் பைக்குள் அடங்கும் பொருளாகிவிட்டது. வீடு விற்கும் தரகர்களும் கல்யாண மண்டபக்காரர்களும் நம்மைவிட முன்னால் இதைப் பிடித்துக்கொண்டார்கள். தாவரவியல் துறைக்கு எதுவும் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

இப்படிச் சொன்னாலும், மீன்கண் வில்லைக்கும் தாவரவியலுக்கும் உறவு பழையது. 1906-இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட், தண்ணீருக்குள்ளிருந்து அண்ணாந்து பார்க்கும் மீனுக்கு உலகம் எப்படித் தெரியும் என்று பார்க்க, கேமராவுக்குள்ளேயே தண்ணீரை நிரப்பிப் படமெடுத்தார். ‘மீன்கண்’ என்ற பெயர் அவரிடமிருந்து வந்தது. 1924-இல் கேம்பிரிட்ஜில் ராபின் ஹில் என்ற இளைஞர் மேகங்களைப் பதிவதற்காக, வானம் முழுவதையும் ஒரே வட்டத்துக்குள் கொண்டுவரும் கண்ணாடி வில்லையை வடிவமைத்தார். அந்தப் பெயரை உயிர்வேதியியல் மாணவர்கள் கேட்டிருப்பீர்கள். ஆம், தேர்வுக்கு நீங்கள் மனப்பாடம் செய்யும் ‘ஹில் வினை’யின் ஹில்லேதான். பிரித்தெடுத்த பசுங்கணிகங்கள் வெளிச்சம் பட்டால் ஆக்சிஜனை விடும் என்று 1930-களின் பிற்பகுதியில் காட்டியவர். வானத்தைப் பார்க்கக் கண்ணாடி செய்தவரே இலைக்குள் வெளிச்சம் என்ன செய்கிறது என்பதையும் கண்டறிந்தார். இந்த இரண்டையும் இணைத்தவர்கள் வேறு இருவர். 1959-இல் எவான்ஸ், கூம்ப் என்ற ஆய்வாளர்கள் ஹில்லின் கேமராவைக் காட்டுத் தரையில் மேல்நோக்கி வைத்துப் படமெடுத்து, அதன்மேல் சூரியன் ஆண்டு முழுவதும் செல்லும் பாதைகளைக் கோடுகளாக வரைந்தார்கள். எந்த மாதம், எந்த மணிக்கு, எந்த இடைவெளி வழியாக அந்த இடத்தில் வெயில் இறங்கும் என்று ஒரே படத்திலிருந்து சொல்ல முடிந்தது. காட்டின் கூரையான விதானத்தைப் படமெடுத்து அளக்கும் இன்றைய முறைகளுக்கு அடித்தளம் அது.

சரி, செயற்கைக்கோள் இருக்கும்போது தரையில் நின்று எதற்குச் சிரமப்பட வேண்டும்? நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லக் கரீபியன் கடல் வரை போகவேண்டும்.

போர்ட்டோ ரிக்கோ தீவின் வடகிழக்கு மலையில் எல் யுன்கே என்ற மழைக்காடு இருக்கிறது. 1876-இல் ஸ்பெயின் முடியாட்சி காப்புக்காடாக ஒதுக்கிய இடம். புயல்கள் ஒரு காட்டை என்ன செய்கின்றன என்பது இந்த அளவு ஆழமாக ஆராயப்பட்ட இடங்கள் உலகில் மிகக் குறைவு. லூக்கியோ நீண்டகால ஆய்வுத் திட்டம் 1988-இல் அங்கே தொடங்கியது. அடுத்த ஆண்டு செப்டம்பரிலேயே ஹியூகோ சூறாவளி வந்தது. விஞ்ஞானிகள் இதை நல்லூழ் என்று சொல்லக் கூச்சப்படுவார்கள், நான் சொல்லிவிடுகிறேன். முன்னிலை கையில் இருந்தது. பிறகு 1998-இல் ஜார்ஜஸ். அதன் பின் 2017 செப்டம்பர் 20 அன்று, மணிக்கு சுமார் 250 கிலோமீட்டர் வேகக் காற்றோடு மரியா. தீவு முழுவதும் 2.3 கோடியிலிருந்து 3.1 கோடி மரங்கள் மடிந்தோ கடுமையாகச் சிதைந்தோ போயிருக்கும் என்று செயற்கைக்கோள் படங்களையும் களத்தகவல்களையும் சேர்த்து மதிப்பிட்டார்கள். களத்தில் ஒவ்வொரு மரமாகத் தொட்டு எண்ணியவர்கள் சொன்னது இன்னும் நுட்பமானது: முந்தைய பெரும் புயல்களோடு ஒப்பிட்டால் மரியாவில் மடிந்த மரங்கள் இரு மடங்கு, தண்டு முறிந்தவை மூன்று மடங்கு. தபோனூகோ போன்ற, பழைய புயல்களைத் தாங்கிய கெட்டிமரங்களும் இம்முறை முறிந்தன. வளைந்து கொடுக்கும் சியெர்ரா பனை பெரும்பாலும் நின்றது.

இந்தக் காட்டில் மரியாவுக்கு முன்பே ஒரு விசித்திரமான சோதனை செய்தார்கள். செயற்கைப் புயல் என்றே சொல்லலாம். 2004 இறுதியில் தொடங்கி, 30 மீட்டருக்கு 30 மீட்டர் பாத்திகளில் மரமேறிகளை ஏற்றிக் கிளைகளைக் கழிக்கச் சொன்னார்கள். சில பாத்திகளில் வெட்டிய இலைதழையை எடைபோட்டுத் தரையிலேயே பரப்பினார்கள். சிலவற்றில் அள்ளி வெளியேற்றினார்கள். சிலவற்றில் விதானத்தைத் தொடாமல் வேறிடத்துத் தழையை மட்டும் கொட்டினார்கள். சிலவற்றை அப்படியே விட்டார்கள். புயல் ஒரே இரவில் செய்யும் இரண்டு வேலைகளைப் பிரித்துப் பார்ப்பது நோக்கம்: மேலே ஓட்டை போடுவது ஒன்று, கீழே குப்பை கொட்டுவது இன்னொன்று. காட்டை அதிகம் மாற்றுவது எது? பெரும்பாலான உயிர்களுக்கு மேலே விழுந்த ஓட்டைதான் என்று தெரிந்தது. வெளிச்சமும் வெக்கையும் ஈரக்குறைவும் தரையில் இருந்த எல்லாவற்றையும் புரட்டின.

நம் விஷயத்துக்கு இதுதான் ஆணிவேர். ஓட்டைதான் முக்கியமென்றால், அதைக் கீழே நின்று பார்க்கவேண்டும். செயற்கைக்கோள் மேலிருந்து பார்க்கிறது. இலையுதிர்ந்த மரங்கள் சில மாதங்களில் துளிர்த்து, வெட்டவெளியில் யாக்ரூமோ போன்ற அவசர மரங்கள் பெரிய பெரிய இலைகளோடு எழும்பிவிட்டால், மேலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் பச்சை. அந்த முதல் பச்சைக்குக் கீழே முப்பது மீட்டர்க் காடு இருக்கிறதா, மூன்று மீட்டர்ப் புதர் இருக்கிறதா என்பதை நிறத்தை மட்டும் வைத்துச் சொல்வது கடினம். பந்தலுக்கு மேலே நின்று பார்ப்பவருக்குக் கல்யாணக் கூட்டம் தெரியாது.

கோயில்காட்டுக்குத் திரும்புகிறேன். அங்கே இந்தக் கேமராவை வைத்து நாங்கள் செய்ததை ஆய்வு என்று சொல்லமாட்டேன். பழகிப் பார்த்தோம், அவ்வளவுதான். பழகியதில் பெரும்பகுதி தவறுகள்.

முதல் தவறு, இரும்பு முளை. ஒன்றையே மீண்டும் மீண்டும் எடுக்கும் மீள்படத்துக்கு உயிர்நாடி அதே இடம், அதே உயரம். எட்டு இடங்களில் கம்பியை அடித்து, அதன்மேல் கேமராவை நிறுத்தி எடுத்தோம். மூன்று மாதம் கழித்துப் போனால் ஐந்து கம்பிகளைக் காணவில்லை. கோயில் வேளார் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஆடு கட்ட வாகா இருந்துச்சு சார். ரெண்ட ஆடு புடுங்கிருச்சு. மத்தது பழைய இரும்புக்காரன்கிட்ட போயிருக்கும். சாமி காட்டுல குச்சி ஒடிச்சாத்தான் குத்தம். கம்பி சாமி வச்சதில்லையே." சாமி வைத்ததையே அடையாளமாகக் கொள்வோம் என்று, மண்குதிரையின் முன்னங்காலிலிருந்து இத்தனை அடி என்று குறித்தோம். அடுத்த ஆண்டு புரவியெடுப்பு வந்தது. புதுக்குதிரைகள் வந்து இறங்கின, பழையவை நகர்ந்தன. பிறகுதான் புத்தி வந்து, பாறைகளையும் நின்ற மரங்களின் அடிகளையும் வைத்து மூன்று திசையில் அளந்து குறித்துக்கொண்டோம். உண்மையில் முழுச்சுற்றுப் படமே இதற்கு உதவியது. பழைய படத்தில் எந்த மரத்துக்குப் பின்னால் எந்த மரம் மறைகிறது என்று எல்லாத் திசையிலும் தெரியும். அவை பொருந்தும்வரை நகர்ந்து நகர்ந்து நின்றால், பழைய இடம் ஒரு சாண் பிசகாமல் கிடைத்துவிடும்.

இரண்டாவது தவறு என்னுடையது. கோளத்தைத் தட்டையாக விரித்தால், உலக வரைபடத்தில் துருவப்பகுதி அகண்டு தெரிவதுபோல உச்சி அகண்டுவிடும். நேர் உச்சியில் உள்ள ஒரே புள்ளி, படத்தின் மேல்விளிம்பு முழுக்க ஒரு வரியாக நீண்டு கிடக்கும். அது தெரிந்தும், விரித்த படத்தில் வானத்தின் வெள்ளைப் புள்ளிகளை அப்படியே எண்ணிவிட்டேன். தலைக்கு நேர்மேலே இருந்த ஓர் ஓட்டை காட்டையே விழுங்கியதுபோல் கணக்கு வந்தது. மாணவி ஒருவர்தான் பிடித்தார். உயரக் கோணத்துக்கு ஏற்ப எடைபோட்டு எண்ணவேண்டும், இல்லாவிட்டால் படத்தை மீன்கண் வட்டமாக மாற்றிக்கொள்ளவேண்டும்.

மூன்றாவது, வெயில். நல்ல பளிச்சென்ற பகலில் எடுத்தால் படம் அழகாக இருக்கும், அளவுக்கு உதவாது. சூரியனைச் சுற்றியுள்ள இலைகள் வெளிறி வானத்தோடு கரைந்துவிடும். வெயில் பட்ட இலைக்கும் வெள்ளை மேகத்துக்கும் எந்திரத்துக்கு வித்தியாசம் தெரியாது. பொழுது விடிந்தும் வெயில் இறங்காத அந்த அரைமணி நேரமும், மூட்டம் போட்ட நாளும்தான் சரி. கேமரா தானாக வெளிச்சத்தைச் சரிசெய்வதை நிறுத்திவிடவேண்டும். இல்லாவிட்டால் இருட்டுக் காட்டை அது பரிதாபப்பட்டு வெளிச்சமாக்கிக் காட்டும். நுணுக்கத்துக்கும் எல்லை உண்டு. 5376 புள்ளி அகலமுள்ள படத்தில் ஒரு பாகைக்குப் பதினைந்து புள்ளிதான். பத்து மீட்டர் உயரத்தில் உள்ள மூன்று சென்டிமீட்டர் காசான் இலை இரண்டு மூன்று புள்ளிகளில் அடங்கிவிடும். இலைக்கும் இலைக்கும் இடையே மினுங்கும் பொடி ஓட்டைகள் தொலைந்துபோகும்.

இத்தனையையும் தாண்டி ஒரு படம் சரியாக அமைந்துவிட்டால், அதிலிருந்து பெறக்கூடியது வியப்பானது. உச்சியிலிருந்து 57.5 பாகை சாய்ந்த வளையத்தை மட்டும் பாருங்கள். இலைகள் எந்தச் சாய்வில் இருந்தாலும் அந்தக் கோணத்தில் ஏறக்குறைய ஒரே அளவு மறைக்கும். அங்கே வானம் நூற்றுக்கு 10 பங்கு தெரிந்தால், ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேலே சுமார் இரண்டரைச் சதுர மீட்டர் இலைப்பரப்பு. 5 பங்கு தெரிந்தால் சுமார் 3.2. தெரியும் வானம் பாதியானால் இலை இரட்டிப்பாவதில்லை என்பதைக் கவனியுங்கள். கிளையும் தண்டும் இந்தக் கணக்கில் இலையாகவே சேரும். இலைகள் கொத்துக்கொத்தாக இல்லாமல் சீராகப் பரவியிருப்பதாகவும் கணக்கு நம்பிக்கொள்ளும். இரண்டும் முழு உண்மையல்ல.

அந்தக் கணக்கு எங்களை ஒருமுறை நன்றாக ஏமாற்றியது. ஐந்தாம் இடத்தில் வானம் விறுவிறுவென்று மூடிக்கொண்டே வந்தது. மற்ற எல்லா இடத்தையும்விட வேகமான மீட்சி. மாணவர்கள் வரைபடம் போட்டு மகிழ்ந்தார்கள். எனக்குச் சந்தேகமாக இருந்தது. படத்தை மெய்நிகர்க் கண்ணாடியில் போட்டுத் தலையில் மாட்டிக்கொண்டு (இரண்டு நிமிடத்துக்கு மேல் மாட்டினால் எனக்குத் தலை சுற்றும்) உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தேன். மூடியது வீரையும் இல்லை, பாலையும் இல்லை. முறிந்து நின்ற மொட்டைத் தண்டுகளின்மேல் கோவைக்கொடி ஏறிப் பந்தல் போட்டிருந்தது. வானம் மறைந்தது உண்மை. காடு வளர்ந்தது பொய். ஆக, மேலிருந்து பார்ப்பவரை மட்டுமல்ல, கீழிருந்து எண்ணுபவரையும் பச்சை ஏமாற்றும். படத்தை எண்ணாக மாற்றியவுடன் அழித்துவிட்டிருந்தால் எங்களுக்கு இது தெரிந்தே இருக்காது. தயவுசெய்து எண்ணை மட்டும் சேமிக்காதீர்கள். கோளத்தை அப்படியே வையுங்கள்.

காதுகுத்துப் படத்துக்கு வருகிறேன். அது எனக்குக் கிடைத்த விதத்தைச் சொல்லவேண்டும். ஊரில் ஓர் அப்பத்தா. எண்பது தாண்டியவர். அவருடைய திண்ணையில் உட்கார்ந்து கைப்பேசியில் எங்கள் படம் ஒன்றைப் பேரனுக்குக் காட்டிக்கொண்டிருந்தோம். கைப்பேசியைத் திருப்பினால் காட்சியும் திரும்புமல்லவா? அப்பத்தா அதை வாங்கிக்கொண்டார். முதலில் கோயிலைத் தேடிப் பிடித்தார். பிறகு எழுந்து நின்று, மெல்லத் தம் உடம்பையே திருப்பினார். "இந்தா, இது குளத்துப் பக்கம். இங்கன ஒரு வீரை நின்னுச்சு. ரெண்டு ஆளு கட்டிப்புடிக்கணும். காணோமே! இங்கிட்டு மேக்கால ஒரு பால மரம். பழம் பொறுக்குவோம். அதுவும் போச்சா?" எட்டாம் இடத்துப் படத்தில் நின்றுகொண்டு, திண்ணையிலிருந்து அவர் விரல் நீட்டி நீட்டிப் பதினொரு மரங்களைச் சொன்னார். பேரன் எழுதிக்கொண்டான். இதே அப்பத்தாவிடம் முந்தைய மாதம் சாதாரணப் புகைப்படங்களைக் காட்டி, இங்கே என்னென்ன மரம் இருந்தது என்று கேட்டிருந்தேன். "நெறைய இருந்துச்சுப்பா" என்பதோடு முடித்துக்கொண்டார். அவர் நினைவில் மரங்கள் பட்டியலாக இல்லை, திசையாக இருந்தன. உடம்பைத் திருப்பினால்தான் வந்தன.

சொன்னதை நாங்கள் நம்பவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, உள்ளே போய் ஆல்பத்தை எடுத்துவந்தார். மாமன் தோளுக்குப் பின்னால் அந்த வீரை. அதன் பிறகு வீடு வீடாகப் போனோம். காதுகுத்து, முடியிறக்கம், கிடாவெட்டு. குலசாமிக் காட்டின் முன்னால் நின்று எடுக்காத குடும்பமே அங்கே இல்லை. எல்லாப் படத்திலும் முன்னால் மனிதர்கள், பின்னால் யாரும் பார்க்காத காடு. படமெடுத்தவர்கள் தேர்ந்தெடுக்காமல் விட்டதெல்லாம் எங்களுக்கு வேண்டியதாக இருந்தது. 360 டிகிரி கேமராவை நான் இவ்வளவு தூக்கிப்பிடிப்பதற்கும் காரணம் இதுதான். அதற்கு முன்னணி, பின்னணி கிடையாது. எடுப்பவருக்கு எது முக்கியம் என்று அதற்குத் தெரியாது. பத்தாண்டு கழித்து வருபவர் என்ன கேட்பார் என்று நமக்கும் தெரியாது. இருவருடைய அறியாமைக்கும் அது பொருத்தமான கருவி.

இன்று திருச்சி, மதுரை, நாகை என்று எத்தனையோ கல்லூரிகளில் இந்தக் கேமரா சும்மா கிடக்கிறது. விளம்பரப் படம் எடுக்க வாங்கியது. மாணவர்கள் அதைக் கேட்டு வாங்கி, புயலே வராத ஒரு மாதத்தில், கல்லூரிக்குப் பக்கத்திலுள்ள ஏதாவது ஒரு காட்டில், தோப்பில், அலையாத்திக் கரையில் நிறுத்தி எடுத்து, இடத்தையும் தேதியையும் ஒழுங்காக எழுதிவைத்தால் போதும்.

கடைசியாக இரண்டு படங்கள். எல்லாத் திசையையும் பிடிக்கும் கேமராவுக்கு ஒரு தொல்லை: எடுப்பவர் ஒளிந்துகொள்ள வேண்டும். இது 2019 தொடக்கத்தில் இரண்டாம் இடம். பின்னால் ஒளிய மரமில்லை. அதோ, முறிந்த கிளைக்கு அப்பால் மாணவர் ஒருவர் குப்புறப் படுத்திருக்கிறார் பாருங்கள், நீலச் சட்டை; காலில் செருப்புக்கூடத் தெரிகிறது. அடுத்தது சென்ற தை மாதம். அதே இடம், அதே மாணவர். இப்போது எங்கோ ஆசிரியராக இருக்கிறார், விடுமுறையில் வந்து எடுத்துக்கொடுத்தார். சட்டை இம்முறை சிவப்பு என்று அவரே சொன்னார். நான் நான்கு முறை சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டேன். உங்களில் யாருக்காவது தெரிகிறதா?